பத்துக்குப் பன்னிரண்டு

மக்கள் அரசை எவ்வளவு நம்புகின்றனர் என்பதை அளக்க, றக்வானைக்கு மேலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் வந்திருந்தார். சிங்களப் பெண்மணி. ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்னும் தகுதியில், மொழிபெயர்க்க அவருடன் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குச் சென்றேன்.

முதல் வீட்டின் பின்சுவரில் விரல் நுழையுமளவு விரிசல். மண்சரிவு அபாயம் என்று கூறிப் புதுவீடு தருவதாக அரசு வாக்களித்திருந்தது. கொழுந்து பறிக்கும் அவ்வீட்டுப் பெண், எங்களைக் கண்டதும் கதிரைகளைத் துடைத்துப் போட்டார். வீட்டை வழங்க வந்தோர் நாங்களே என்று அவர் எண்ணியிருந்தது எனக்குப் பின்னரே புலப்பட்டது.

"அரசின்பால் தாங்கள் கொண்டுள்ள நம்பிக்கையைப் பூச்சியம் முதல் பத்து வரையிலான அளவில் மதிப்பிட்டருளுக" என்று ஆய்வாளரின் சிங்கள வினாவைத் தமிழாக்கினேன்.

"சேர், மிஸ் சிங்களத்துல கேட்டது வெளங்கிருச்சுங்க. நீங்க கேட்டதுதான் கொஞ்சம் கஷ்டமா இருக்கு" என்றவர், ஆய்வாளர் பக்கம் திரும்பினார். "பன்னெண்டு போடுங்க மிஸ்."

பத்துக்குமேல் இடமில்லை என்றேன்.

"அது தெரியும்ங்க. கொழுந்து நிறுக்கையில சாக்குக்கு, ஈரத்துக்குன்னு ரெண்டு கிலோ கழிக்கிறாங்கல்ல? இதுவும் கொழும்புக்குப் போறதுக்குள்ள எவனாச்சும் கழிப்பான். பத்தாச்சும் போய்ச் சேரணுமே!"

அடுத்த வாசலில் நின்ற பெண் பொறுக்கவில்லை. "எங்களுக்குப் பதினஞ்சு போடுங்க மிஸ்!"

"அவ வீட்டுல ஒரு கீறல்கூட இல்லைங்க. பதினஞ்சு கேக்குது மூஞ்சிக்கு!"

ஏலம் முற்றுமுன் ஆய்வாளர் குறுக்கிட்டார். இக்கேள்விக்கும் வீட்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று அவர் சிங்களத்தில் விளக்க, நான் வாய் திறக்குமுன்னரே விரிசல் வீட்டுப் பெண்ணின் முகம் வாடிற்று.

"அப்ப நெசமாவே எவ்வளவு நம்புறோம்னா கேக்குறாங்க?"

"ஆம்" என்றேன்.

அவர், உள்ளே நின்ற தம் கணவரை நோக்கினார். கணவர் கூரைத் தகரத்தை நோக்கினார்.

"சாவியைக் குடுத்துட்டு வந்து கேக்கச் சொல்லுங்க சேர்."

ஆய்வாளர் தம் கைக்கருவியில் 'பதிலில்லை' என்பதை அழுத்தவும், தகரத்தில் மழை இறங்கவும் சரியாக இருந்தது. விரிசலை ஒட்டி நின்ற அலுமாரி நனையுமுன் அதை நகர்த்தக் கணவனும் மனைவியும் விரைந்தனர்; அது அசையவில்லை. ஆய்வாளர் கருவியைக் கதிரையில் வைத்துவிட்டு ஒரு மூலையைப் பிடித்தார். மறுமூலை எனக்கு வாய்த்தது.

"காலைப் பாத்துங்க சேர்" என்றார் அப்பெண். "மிஸ், இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்."