நண்பனுக்காகப் பெண் பார்க்கப் போனேன்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். புதுக்கோட்டையில் ஒரு பைக் ஷோரூமில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன், அந்த வாய்க்குத்தான் சம்பளம். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வருகிறவரை வண்டியோடு அனுப்புவது எனக்குக் கைவந்த கலை.

வல்லத்திராக்கோட்டையில் படித்தபோது ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அந்த நண்பனும் நானும் ஒரே பெஞ்சு. பேசுவது நான், தலையாட்டுவது அவன். வாத்தியார் அவனைக் கேள்வி கேட்டால்கூட என் முகத்தைத்தான் பார்ப்பான். எந்தச் சட்டை எடுப்பது, எந்த பஸ்ஸில் ஏறுவது எல்லாம் என் முடிவு. ஐடிஐயில் ஏசி மெக்கானிக் படி என்று சொன்னதும் நான்தான். அந்தப் படிப்பை வைத்து அவன் கத்தாருக்குப் போனபோது, நானே விமானத்தை ஓட்டியதுபோல ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அங்கே அவனுக்கு வெள்ளிக்கிழமை லீவு. எனக்கோ வெள்ளிக்கிழமைதான் தலைபோகிற நாள். நல்ல நாள் என்று ஊரே அன்றைக்குத்தான் வண்டி எடுக்க வரும். மாலை, சந்தனம், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் என்று ஓடிக்கொண்டிருப்பேன். செவ்வாய்க்கிழமை யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள் என்பதால் எனக்கு அன்றைக்கு லீவு. அவன் அன்றைக்கு ஏதோ ஒரு கட்டடத்து மொட்டை மாடியில் வெயிலில் நிற்பான். இப்படியே பேச்சு குறைந்து வாய்ஸ் மெசேஜ் ஆனது. பிறகு அதுவும் பொங்கல் வாழ்த்து, பிறந்தநாள் வாழ்த்து என்று சுருங்கியது. நான் இதற்கெல்லாம் உட்கார்ந்து வருத்தப்பட்டதில்லை. வேலைக்குப் போனால் அப்படித்தான். அவனை என்னைவிட யாருக்குத் தெரியும் என்ற தைரியம் எனக்கு இருந்தது.

போன ஆவணியில் அவனே கூப்பிட்டான். அறந்தாங்கியில் ஒரு பெண்ணின் ஜாதகம் பொருந்தியிருக்கிறது, வீட்டில் பார்க்கப் போகிறார்கள், தனக்கு இப்போது லீவு கிடைக்காது என்றான்.

"நீ போய்ப் பாத்துட்டு சொல்லு மாப்ள. ஒன்னயக் கேக்காம நான் முடிவெடுக்க மாட்டேன்" என்றான்.

பெருமையில் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டு, இருப்பதிலேயே நல்ல சட்டையாக மாட்டிக்கொண்டு, அவன் அப்பா அம்மாவோடு காரில் ஏறினேன். சட்டை வேலையைக் காட்டிவிட்டது. பெண்ணின் சித்தப்பா என்னை மாப்பிள்ளை என்று நினைத்து, கையைப் பிடித்து நடு நாற்காலியில் உட்காரவைத்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பினார். அவன் அம்மா பதறி, இவன் மாப்பிள்ளை இல்லை, கூடப் படித்தவன் என்று சொல்லி முடிப்பதற்குள் நான் ஒரு பஜ்ஜியைத் தின்றிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நாற்காலியை மட்டும் விடவில்லை.

பெண் அங்கேயே ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். வந்து கும்பிட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று பார்த்தால், உட்கார்ந்தாள். மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று என்னிடம்தான் கேட்டாள். கேட்க வேண்டுமா? ஷோரூமில் பேசுவதுபோல ஆரம்பித்துவிட்டேன். அதிர்ந்து பேசமாட்டான். கத்தரிக்காய் சாப்பிடமாட்டான். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நார்த்தாமலையில் பாதி ஏறியதும் தலைசுற்றி உட்கார்ந்தவனை நான்தான் கையைப் பிடித்து இறக்கினேன். நான் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்வான்.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இதெல்லாம் ஸ்கூல்ல படிக்கும்போது இருந்ததுங்க. எங்க அப்பா சவுதில இருந்தாங்க. ஒவ்வொரு தடவ வாரப்பவும் வேற ஆளாத்தான் வந்து எறங்குவாங்க. அதனால கேக்குறேன், இவங்க இப்ப எப்படி இருக்காங்க?"

இப்போது அவன் எத்தனை மணிக்கு எழுகிறான், யாரோடு தங்கியிருக்கிறான், எதற்குக் கோபப்படுகிறான், எதுவும் எனக்குத் தெரியாது. என் கையில் இருந்தது ப்ளஸ் டூ பையன் ஒருவன். அவனைத்தான் இந்தப் பெண்ணுக்குக் கட்டிவைக்கப் பார்த்தேன். கூசியது. ஆனால் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லி வண்டி விற்றவனல்ல நான்.

"எனக்குத் தெரியலைங்க. நீங்களே கேட்டுருங்க" என்று சொல்லி, அத்தனை பேர் நடுவில் அவனுக்கு வீடியோ கால் போட்டேன்.

உடனே எடுத்தான். தலையில் ஹெல்மெட், முகமெல்லாம் தூசி. போனைப் பார்ப்பதற்கு முன் பக்கத்தில் நின்ற இரண்டு ஆட்களிடம் இந்தியில் சத்தமாக என்னவோ உத்தரவு போட்டான். அவர்கள் ஓடினார்கள். பின்னால் ஏணியும் கம்பியுமாக எவ்வளவு உயரம் என்றே தெரியாத ஒரு கட்டடத்தின் விளிம்பில் நின்றுகொண்டு பேசுகிறவனை எனக்கு அடையாளம் காணக் கொஞ்சம் நேரம் ஆனது. விஷயத்தைச் சொல்லி, போனை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் பெரியவர்களைப் பார்த்தாள். அவள் அப்பா தலையசைத்தார். எழுந்து கொல்லைப்பக்கம் போனாள்.

வெகுநேரம் கழித்து வந்து, போனை என்னிடம் தந்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இணைப்பு இன்னும் இருந்தது. நான் வாசலுக்கு வந்தேன். பெண்ணைப் பற்றி என் அபிப்பிராயத்தை நல்ல முறையில் சொல்லத் தொண்டையைச் செருமினேன்.

"சரின்னு சொல்லிட்டேன் மாப்ள" என்றான் அவன்.

என்னைக் கேட்கவே இல்லை. சுருக்கென்றது, மறைக்க மாட்டேன். அடுத்த நொடியே அவ்வளவு சந்தோஷமாகவும் இருந்தது. வாழ்த்துச் சொன்னேன். அதோடு எப்போதும்போல நான் போனை வைத்துவிடுவேன் என்று காத்திருந்தான் போலிருக்கிறது.

"இருடா, வைக்காத" என்றேன். "ஒன் பக்கத்துல நின்னாங்களே, அந்த ரெண்டு பேரு யாரு?"

எங்கள் பெஞ்சில் ஒருநாளும் பேசாதவன், பேச ஆரம்பித்தான்.