நீதான் கரண்டு

தொண்ணூற்றொன்றாம் வருடம் மே மாதம் எங்கள் ஊரில் நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை. அதற்கு முன்பு ஸ்ரீபெரும்புதூர் என்றால் வெளியூர்க்காரர்கள் கோயிலைப் பற்றிக் கேட்பார்கள். பிறகு கேட்டது வேறு. அந்தச் சத்தத்தை வீட்டுக்குள் இருந்தே கேட்டவள் நான். அதன் பிறகு குக்கர் விசில் அடித்தால்கூட உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது. தாலுகா ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது யாராவது பீரோ கதவை அறைந்து மூடினால் விரல் தப்பான எழுத்தில் விழும்.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. நாற்பதை நெருங்கிய பிறகு பிறந்தவள். தெருவெங்கும் போலீஸ் நின்ற அந்த நாட்களில் அவள் ஒரு சோப்புப் பெட்டியைக் காதில் வைத்துக்கொண்டு "ஓவர், ஓவர்" என்று அலைந்தாள். வாசலில் வருகிறவர்களை நிறுத்தி, தோசைக் கரண்டியை உடம்பின் மேல் தடவினாள். பால்காரர் மேல் தடவியபோது சத்தம் போடவில்லை. என் இடுப்பில் சாவிக்கொத்துக்கு அருகில் வந்ததும் "பீங்" என்று கத்தினாள்.

"ஏண்டீ, அவரை விட்டுட்டு என்னை மட்டும் புடிக்கிறே?" என்று கேட்டேன்.

"அவருகிட்ட இரும்பு இல்லம்மா. இரும்பு இருந்தாதான் கத்தும்."

யாரும் அவளுக்கு இதைச் சொல்லித்தரவில்லை. கடைத்தெருவில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது போலீஸ்காரர் மெட்டல் டிடெக்டரால் சோதித்ததைப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அன்று எனக்கு வந்தது பயம். கரண்டியைப் பிடுங்கிப் பரணில் போட்டேன். குழந்தை அந்த நாட்களை விளையாட்டுக்காகக்கூட மறுபடி தொடக் கூடாது என்று நினைத்தேன். அவள் அழவில்லை. வேறு விளையாட்டுக்குப் போய்விட்டாள்.

என் கணவர் சுங்குவார்சத்திரம் போகும் சாலையில் ஒரு கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். மோட்டார் வண்டிகளுக்கான தகரப் பாகங்களை அடித்துக் கொடுக்கும் கம்பெனி அது. தகட்டை அச்சின் மேல் வைத்ததும், மேலிருந்து இரும்புத் தலை இறங்கி ஒரே அடியில் அதை வளைத்துவிடும். மூன்று போர்ஷன் உள்ள எங்கள் வரிசை வீட்டில் பக்கத்துப் போர்ஷன்காரரும் அதே மெஷினில்தான் வேலை செய்தார். இவர் காலை ஷிப்ட் என்றால் அவர் மதிய ஷிப்ட். இவர் எழுந்த ஸ்டூலில் அவர் உட்காருவார். அவருக்கும் ஒரு மகள், என் மகள் வயதுதான்.

ஆயுத பூஜையன்று கம்பெனி கேட்டைக் குடும்பங்களுக்குத் திறந்துவிடுவது வழக்கம். மெஷின்களைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைப்பார்கள். கற்பூரம் அணைந்ததும் ஒவ்வொரு ஆபரேட்டரும் தன் குடும்பத்துக்கு முன்னால் நாலு பீஸ் அடித்துக் காட்டுவார். அந்த வருடம் நாங்களும் போனோம். நான் பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திரும்பியபோது அவர் அடிக்க ஆரம்பித்திருந்தார். ஒரு கை தகட்டை உள்ளே வைத்தது, எடுத்தது, வைத்தது. அதே தாளத்தில் தலை இறங்கி ஏறியது. தையல் மெஷினில் துணி ஓடுவதுபோல் இருந்தது. 'இவரிடம் இவ்வளவு வேகமா' என்று எனக்குப் பெருமையாக இருந்தது. மகள் அவருக்கு வெகு அருகில், மெஷின் முன்பக்கத்திலிருந்த பச்சைப் பொத்தான்களின் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாளே எங்கள் பின்தாழ்வாரத்தில் ஒரு பிரஸ் முளைத்தது.

கயிறு கட்டிய பழைய மணைப்பலகைதான் அதன் தலை. கயிறு தாழ்வாரத்துக் குறுக்குச்சட்டத்தின் மேல் போய், மறுபக்கம் பக்கத்துப் போர்ஷன் சிறுமியின் கையில் முடிந்தது. கீழே செங்கல்தான் அச்சு. பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கி மீந்திருந்த களிமண்ணை உருட்டி வைத்தார்கள். பலகை விழுந்ததும் உருண்டை தட்டையாகும். அது பீஸ். செங்கல்லுக்கு முன்னால் இரண்டு பால்டப்பா மூடிகள் இருந்தன. அவைதான் பொத்தான்கள்.

"ரெண்டு கையாலயும் ரெண்டு மூடியையும் அமுக்குவேன். அப்போதான் நீ கயித்த வுடணும். ஒண்ணு மட்டும் அமுக்கினா வுடக் கூடாது. புரிஞ்சுதா?" இது என் மகள்.

"அப்போ நான் யாரு?"

"நீதான் கரண்டு."

"காலையிலயும் நானே பலகைய தூக்கினேன், இப்பவும் நானே கரண்டா? போடீ."

"கரண்டு இல்லன்னா மெஷினு ஓடுமா? நீதாண்டீ பெரிய ஆளு."

கரண்டு யோசித்துப் பார்த்து ஒத்துக்கொண்டது. கோபம் வந்தபோதெல்லாம் கயிற்றை ஓர் ஆணியில் சுற்றிவிட்டு, "கரண்டு கட்டு. நான் சோறு துன்னப் போறேன்" என்று வீட்டுக்குப் போய்விட்டது. என் மகள் அதற்கும் சளைக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஜெனரேட்டரு இன்னும் வரலியாப்பா?" என்று தெருப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

நான் அரிசியில் கல் பொறுக்கியபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் சேர்ந்தால்தான் ஓடும், ஒன்று குறைந்தாலும் ஓடாது என்ற விதியை இரண்டு குழந்தைகளும் ஒரு முறைகூடத் தவறவிடவில்லை. ஒருத்தி வேண்டுமென்றே ஒரு மூடியை மட்டும் அமுக்கிப் பார்ப்பாள். மற்றவள் கயிற்றை விடாமல் நாக்கைத் துருத்துவாள். உடனே இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மெஷின் சரியாக வேலை செய்கிறது என்பதற்காக அப்படி ஒரு சிரிப்பை நான் எந்தப் பெரியவரிடமும் பார்த்ததில்லை. இந்த விளையாட்டையாவது பிடுங்காமல் இருந்தோமே என்று எனக்குத் திருப்தி.

சில நாள் கழித்து ஒரு மாலை, என் மகள் ஒரு கூழாங்கல்லை எடுத்து இடது மூடியின் மேல் வைத்தாள். வலது மூடியை மட்டும் கையால் அமுக்கினாள்.

"ஒண்ணுதான் அமுக்கினே. வுடமாட்டேன்" என்றது கரண்டு.

"அத கல்லு அமுக்கிக்கினு கீதுல்ல? எங்கப்பா இப்டித்தான் ஒரு கட்டைய சொருகி வெச்சிப்பாரு. அப்போதான் ஒரு கையால அமுக்கிக்கினே இன்னொரு கையால பீஸ் வெக்கலாம். சர்ரு சர்ருன்னு போவும்."

முறத்தைக் கீழே வைத்தேன். பூஜையன்று நான் பெருமையாகப் பார்த்தது எது என்று அப்போதுதான் புரிந்தது. தலை இறங்கும்போது இரண்டு கையும் வெளியே இருக்க வேண்டும் என்றுதான் மெஷின் செய்தவன் இரண்டு பொத்தான் வைத்தான்; அதை ஒரு மரத்துண்டு ஏமாற்றிவிடுகிறது. அந்த இரும்புத் தலைக்குக் கீழே ஓயாமல் போய் வந்தது என் கணவரின் கை. நான் மெஷினைப் பார்த்தேன், வேகத்தைப் பார்த்தேன். கட்டையைப் பார்த்தது அவள்.

அன்று அவர் வந்ததும் கேட்டேன். அவர் சிரித்தார்.

"பாத்தியா, இன்னா கரெக்டா புடிச்சிருக்கா! எங்க டிரெய்னி பசங்களுக்கே மாசக்கணக்கா ஆவுது."

"சிரிக்காதீங்க. கை உள்ள இருக்கும்போது அது எறங்கினா?"

"எறங்காதும்மா. கைக்குத் தெரியும். ரெண்டு கையயும் பொத்தான்லயே வெச்சினு இருந்தா பீஸ் கவுண்டு வராது. எல்லா ஷிப்ட்டும் அப்டித்தான். அந்தக் கட்டையே மெஷின் மேலதான் கீது, நான் வெச்சிட்டு வந்தா அவரு எடுத்துப்பாரு. சூப்ரவைசரு பாத்தும் பாக்காத மாதிரி போய்டுவாரு."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்துப் போர்ஷன்காரரின் குரல் வந்தது. அன்று அவருக்கு விடுமுறை. "அண்ணி, அது நம்ம கம்பெனி பிள்ளையாரு. அதத் தொடாம எவனும் ஷிப்ட்டு ஆரம்பிக்கிறதில்ல!"

இருவரும் சிரித்தார்கள். பத்து விரலையும் வைத்துச் சம்பாதிப்பவள் நான். அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டே சோறு போட்டேன். அவர் பிசைவதைப் பார்க்க முடியாமல் எழுந்து போனேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை. ஆபீஸ் இல்லை. குழந்தைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்கு முன் அந்தக் கயிற்றை அவிழ்த்துவிடலாம் என்று தாழ்வாரத்துக்குப் போனேன். பாதி அவிழ்த்தேன். பரணில் கிடந்த தோசைக் கரண்டி நினைவுக்கு வந்தது. பிடுங்கியதால் எதுவும் நடக்காமல் போய்விட்டதா? இந்த விளையாட்டு இல்லையென்றால் கட்டையைப் பற்றி எனக்குத் தெரிந்தே இருக்காது. திரும்பக் கட்டினேன். கூழாங்கல்லை மட்டும் எடுத்து வெளியே எறிந்தேன். கற்களுக்கா பஞ்சம், மதியம் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது.

அந்த மதியம்தான் அலறல் கேட்டது. ஓடினேன். என் மகளின் விரல்கள் பலகைக்கும் செங்கல்லுக்கும் நடுவில் இருந்தன. பலகையைத் தூக்கினேன். எலும்புக்கு ஒன்றுமில்லை. நடுவிரல் நகம் மட்டும் நீலமாகிக்கொண்டு வந்தது. கயிற்றை விட்டவள் மூலையில் நின்று இவளைவிடச் சத்தமாக அழுதாள்.

"நான் ஒண்ணும் பண்ணல அத்தே! ரெண்டும் அமுங்கிக்கினு இருந்துது, அதான் வுட்டேன்!"

அவள் சொன்னது சரி. மெஷின் சரியாகவே வேலை செய்திருந்தது.

தண்ணீரில் கையை முக்கி வைத்துக்கொண்டு என் மகள் விசும்பினாள். விசும்பல் அடங்கியது. அந்த மூடிகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"அம்மா, அவ மேல தப்பில்ல. கல்லாலதான். என் கையா இருந்தா, இன்னொரு கை எங்க கீதுன்னு அதுக்குத் தெரியும். கல்லுக்கு இன்னா தெரியும், என் கை உள்ள கீதுன்னு?"

நான் தண்ணீர்ப் பாத்திரத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எந்த வார்த்தையைச் சொல்லி அவரைத் தடுப்பது என்று முந்தைய நாளிலிருந்து தேடிக்கொண்டிருந்தேன். படித்தவள் நான். எனக்குக் கிடைக்காதது ஐந்து வயதுக்குக் களிமண்ணிலும் கயிற்றிலும் கிடைத்துவிட்டது. நகம் நீலமான கையாலேயே அவள் கல்லைத் தூக்கிப் போட்டாள்.

காலை ஷிப்ட் முடிந்து அவர் வந்தபோது அவள் வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தாள். "அப்பா, ஒரு ஆபரேட்டரு கொறையுது. வா" என்றாள். அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுச் செங்கல் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உருண்டையை வைத்தார். வலது உள்ளங்கையை ஒரு மூடியில் வைத்தார். இடது கை, தானாக, பக்கத்தில் கிடந்த எதையோ தேடித் தரையைத் தடவியது. ஒரு தேங்காய்ச் சிரட்டை அகப்பட்டது. அதை எடுத்து மூடியின் மேல் வைத்தார். தான் வைத்தது அவருக்கே தெரிந்திருக்காது.

"நிறுத்து!" என்று கத்தினாள் மகள். நீல நகத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "சிரட்டைக்குத் தெரியாதுப்பா. கைய வையி. ரெண்டும்."

அவர் விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரட்டையை எடுத்துவிட்டு இரண்டு மூடிகளிலும் இரண்டு கைகளை வைத்தார். பலகை விழுந்தது. களிமண் தட்டையானது. ஒரு கூடை பீஸ் முடியும்வரை அவரை அவள் எழுந்திருக்க விடவில்லை.

திங்கட்கிழமை அவர் கட்டை இல்லாமல் அடித்தார். கவுண்டு குறைந்தது. "இன்னாபா, பொண்ணுதான் சூப்ரவைசராமே? லீவும் அதுகிட்டதான் கேக்கணுமா?" என்று கேண்டீனில் கேலி செய்தார்களாம். பக்கத்துப் போர்ஷன்காரர்தான் முதலில் சிரித்தது. இவர் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது முகம் சுண்டியிருந்தது. மறுபடி கட்டையை எடுத்துவிடுவாரோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். கேட்கவும் பயம். எடுக்கவில்லை. ஆனால் கட்டை மெஷின் மேலேயேதான் இருந்தது, அடுத்த ஷிப்டுக்காக.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் கம்பெனி வேன் எங்கள் வாசலில் நின்றது. என் கணவர் உள்ளேதான் இருந்தார். இருந்தும் அவர் கைகளை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். இறங்கியவர் பக்கத்துப் போர்ஷன்காரர். வலது கையில் பெரிய கட்டு. ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. மற்றவை தப்பின. மறுநாள் ஷிப்டுக்குப் போன என் கணவர் திரும்பி வந்ததும், பையிலிருந்து எண்ணெய் ஊறிய ஒரு மரத்துண்டை எடுத்து அடுப்பில் போட்டார். வேறு யாரும் புதிதாகச் செதுக்கவில்லை என்று பிறகு சொன்னார். அந்த வாரமே கம்பெனியும், கட்டை சொருக முடியாதபடி, பொத்தான்களைச் சுற்றி இரும்பு வளையம் வைத்துவிட்டது.

கட்டுப்போட்ட கையோடு அவர் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில் குழந்தைகள் பிரஸ்ஸை நிறுத்தவில்லை. மாற்றினார்கள். அந்த யோசனை அவர் மகளுடையது. இத்தனை நாள் மூடிகளை மட்டும் பார்த்துக் கயிற்றை விட்ட கரண்டு, இப்போது விடுவதற்கு முன் கேட்க ஆரம்பித்தது.

"கை எங்க?"

ஆபரேட்டர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்ட வேண்டும். "தோ கீது." பிறகு மூடிகளை அமுக்க வேண்டும். அப்போதுதான் பலகை இறங்கும். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் அவர் மகள் அவரிடமும், "கை எங்கப்பா?" என்று கேட்டாள். அவர் கட்டுப்போட்ட கையையும் மற்றதையும் சேர்த்துத் தூக்கினார். "தோ கீதும்மா" என்றார். இருவரில் யாரும் சிரிக்கவில்லை.

அது அப்படியே வீட்டு வழக்கமாகிவிட்டது. காலையில் என் கணவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருமுனைவரை போனதும் இரண்டு குழந்தைகளும் வாசலில் நின்று கத்துவார்கள்.

"கை எங்க?"

அவர் ஓட்டிக்கொண்டே இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார். எதிரே லாரி வரும் சாலை அது. சைக்கிள் ஒரு பக்கமாக ஆடும்.

"ஐயோ, ஹேண்டில்பாரைப் புடிங்க!" என்று நான் உள்ளிருந்து கத்துவேன்.