கெனலேமாங் கொடுத்த ஐந்து ஒன்பது

மவுன் ஊர்க் கால்நடை அலுவலகத்தில் வேலை பார்த்த கெனலேமாங்குக்கு 1987இல் முப்பத்தெட்டு வயது. வாயாடி, வீட்டில் செட் வைத்து ஊர் ஊராகப் பேசும் அமெச்சூர் ரேடியோ பைத்தியம். ரேடியோ இரைச்சலைச் சங்கேதப் பெயர் சொல்லி வகை பிரிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பக்கத்து வெல்டிங் கடைக்காரன் மெஷினைப் போட்டால், "கியூ-ஆர்-எம், மனுசன் பண்ற அட்டூழியம்" என்று கத்துவாள். இடி மின்னல் கரகரத்தால் கியூ-ஆர்-என். அதற்கு யாரைத் திட்டுவது? குரல் தேய்ந்து தேய்ந்து திரும்பி வந்தால் கியூ-எஸ்-பி.

ஞாயிறு மாலைகளில் அயல்நாடான ஜாம்பியாவின் மொங்குவிலிருந்து முபீட்டா பேசுவான். இரண்டு வருடப் பழக்கம், முகம் பார்த்ததில்லை. அவனுடைய லோசி மொழியும் இவளுடைய செட்ஸ்வானா மொழியும் முக்கால்வாசி ஒத்துப்போகும். அந்தக் குரலுக்காக வாரம் முழுக்க ஏங்கிக் கிடந்தாள். சொல்லத்தான் வாய் வரவில்லை.

ரேடியோக்காரர்களிடம் ஒரு பாழாய்ப்போன மரியாதை உண்டு. எதிர்முனைக் குரல் எவ்வளவு மோசமாகக் கேட்டாலும், தெளிவாகக் கேட்கிறது என்று "ஐந்து ஒன்பது" என முழு மதிப்பெண் போட்டுவிடுவார்கள். நவம்பர் மழையில் ஒருநாள் முபீட்டா நீளமாக ஏதோ பேசினான். ஒரே இடிச்சத்தம். இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னாள். அதற்குமேல் கேட்கக் கூச்சம். "அஞ்சு ஒம்போது! எல்லாம் கெடச்சுது, நன்றி!" என்று முடித்துவிட்டாள்.

அதோடு அவன் வரவில்லை. வாராவாரம் கூப்பிட்டாள். மார்ச் மாதம், அன்று இடி விழாத கான்சி ஊரில் தன் ரேடியோவில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த வாத்தியார் மொலெஃபிக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, கட்டிக்கிறியான்னு ஒருத்தன் மூணு தடவ கேட்டான். ரசீது குடுக்கிற மாதிரி நன்றி சொல்லிட்டுப் போனியே, கல்நெஞ்சக்காரி! இப்ப என்ன கூப்பாடு?"

"ஐயையோ, எனக்கு ஒண்ணுமே விழலண்ணே! அப்பவே சொல்லக்கூடாதா?"

"ரெண்டு பேர் பேசுறப்ப குறுக்க பூந்தா அது கியூ-ஆர்-எம் இல்லியா? ஒழுக்கம் இருக்குல்ல."

மொலெஃபியே மொங்குவுக்குக் கடிதம் போட்டு அவனை ஒரு ஞாயிறு வரவழைத்தார். ஊரெல்லாம் கேட்டால் கேட்கட்டும் என்று அவள் துணிந்தாள்.

"முபீட்டா, அன்னிக்கு நான் பொய் சொன்னேன். ஒரு வார்த்தையும் கேக்கல. இப்பக் கேளு. சரின்னு சொல்லத்தான் உக்காந்திருக்கேன்."

மழை ஓய்ந்த வானம். வெல்டிங் கடைக்கும் விடுமுறை. அவன் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

"நீ வேணாம்னுட்டேன்னு நெனச்சேன், கெனலேமாங். போன மாசம்தான் இங்க ஒரு வீட்டுக்குப் பொண்ணு கேட்டுப் பரிசமா மாடு ஓட்டிக் குடுத்தோம். பொண்ணு நல்லவ, இனி அவளக் கைவிட முடியாது. கேக்குதா?"

ஒரு எழுத்து விடாமல் கேட்டது. அழுகையை விழுங்கிக்கொண்டு மைக்கை அழுத்தினாள்.

"அஞ்சு ஒம்போது," என்றாள்.