பூதத்தின் முழங்கால்

தூரத்தில் நிற்பவர்களுக்குத்தான் பூதம் முழுதாகத் தெரியும். கேடயக்காரனுக்கு அதன் முழங்கால் மட்டுமே தெரியும். வலது முழங்காலில் இரண்டு வெட்டுக் காயங்கள், இடதில் ஒன்று, கணுக்காலைச் சுற்றி ஏழு கண்ணிகள் உள்ள சங்கிலி. அதற்கு முகம் எப்படி இருக்கும் என்பதை என் மனைவியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அவள் அறுபதடி பின்னால் நிற்கிறவள்.

"ஒங்க மூத்த அண்ணன் சாயல்தான்," என்றாள்.

கம்ப்யூட்டரில் பலர் சேர்ந்து விளையாடும் விளையாட்டு இது. பழைய காலத்துக் கோட்டைகள், குகைகள், பூதங்கள். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஒரே காட்டில் நடமாடுவார்கள். மகன் பெங்களூருக்குப் போனபோது கம்ப்யூட்டரை நாயுடுபுரம் வீட்டிலேயே விட்டுப் போனான். மழைக்காலத்தில் வெளியே தலைகாட்ட முடியாத ஒரு வாரம் அதைத் திறந்து உட்கார்ந்தேன். பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த வண்டி எப்போது வந்தது, எவ்வளவு தாமதமாகக் கிளம்பியது என்று கம்பிக்கூண்டுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதியே காலம் போனது. எண்ணாமல் எனக்கு இருப்புக்கொள்ளாது.

யாராக விளையாடுவது என்று அது கேட்டது. மந்திரவாதி என்றால் இருபத்து நான்கு மந்திரங்களை நினைவில் வைக்க வேண்டும். வில்லாளி குறி பார்க்க வேண்டும், என் விரல்களுக்கு அது ஆகாது. கேடயக்காரன் முன்னால் போய் நின்றால் போதும் என்று போட்டிருந்தது. அதையே எடுத்தேன். நிற்பதில் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. எதிரியின் கோபம் எப்போதும் கேடயக்காரன் மேலேயே இருக்க வேண்டும். அதைச் சீண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கோபம் திசைமாறினால் பின்னால் இருப்பவர்கள் ஒரே அடியில் செத்துப்போவார்கள்.

"கோவத்த இழுக்குறது ஒங்களுக்குப் பழக்கம்தான," என்றாள் மனைவி. இதைப் பார், அதைப் பார் என்று நான் அடிக்கடி கூப்பிட்டதில் அவளுக்கும் ஆசை வந்து, தன் டேப்லெட்டில் விளையாட ஆரம்பித்திருந்தாள். அவள் வைத்தியச்சி. எனக்கு அடிபடும்போது பின்னாலிருந்து கையை நீட்டுவாள், என் மேல் பச்சை வெளிச்சம் விழும், காயம் ஆறும். அவள் சமையலறையில், நான் முன்னறையில், நடுவில் ஒரு சுவர். இருவரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மைக்கில் பேசிக்கொள்வோம்.

மூன்றாவது ஆள் ஏரிக்கரையில் டாக்சி ஓட்டுபவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். சவாரி இல்லாத நேரத்தில் வண்டிக்குள் உட்கார்ந்து போனில் விளையாடுவார். எங்களை மருத்துவமனைக்குக் கூட்டிப்போன ஒரு நாளில் பேச்சுவாக்கில் தெரியவந்து சேர்ந்துகொண்டார். அவர் வில்லாளி.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது, அதைக் கொண்டுவந்தவரும் அவர்தான். மலைப்பாதையில் மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கினால் வண்டியை ஓரங்கட்டி, விளக்கைப் போட்டு நிற்க வேண்டும். கூட வந்த வண்டி கண்ணுக்குத் தெரியும்வரை கிளம்பக்கூடாது. இந்த மலையூரில் கரண்டும் இன்டர்நெட்டும் நினைத்தபோது போகும், நினைத்தபோது வரும். அதனால் விளையாட்டிலும் அப்படியே என்று வைத்துக்கொண்டோம். யாராவது ஒருவர் அசையாமல் நின்றுவிட்டால் மற்றவர் "மஞ்சு" என்பார். உடனே எல்லாரும் நிற்க வேண்டும். எவ்வளவு நேரமானாலும் அவர் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தை அதிகம் காப்பாற்றியவன் நான். அவள் டேப்லெட்டில் சார்ஜ் தீர்ந்து பொம்மை போல நின்றபோதெல்லாம் அவள் முன்னால் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு ஓநாய்களை நான்தான் தடுத்தேன். ஒரு தடவை பதினேழு ஓநாய்கள். அவள் அதற்குள் பால்காரரிடம் பேசிவிட்டு, துணிகளை எடுத்து மடித்துவிட்டு, ஆற அமர வந்தாள்.

சரி, பூதத்துக்கு வருகிறேன். பழைய நாட்டின் எல்லையில் ஒரு குகை இருக்கிறது. மூன்று பேருக்கு மேல் அதற்குள் விடாது. உள்ளே இருக்கிற சுத்தியல் பூதத்தை வீழ்த்தியவர்களுக்கு மட்டும் அடுத்த நாட்டின் கதவு திறக்கும். வீழ்த்தாதவர்கள் இந்தப் பக்கம்தான். இதுவரை சேர்ந்து நடந்த மூவரும் சேர்ந்தே அந்தக் கதவைத் தாண்ட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு ஆசை இல்லை. வயதான காலத்தில் என்ன ஆசை இது என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

முப்பத்தேழு தடவை தோற்றோம். பூதத்தின் சுத்தியல் பதினோரு நொடிக்கு ஒருமுறை விழும். என் கேடயம் நான்கு நொடிதான் உயர்ந்து நிற்கும், பிறகு ஆறு நொடி ஓய்வு கேட்கும். எண்ணாமல் இது நடக்காது. மைக்கில் உரக்க எண்ணினேன். சில சமயம் சுத்தியல் ஒன்பதிலேயே விழுந்துவிடும், சில சமயம் பதின்மூன்றில். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் யார் எத்தனை நொடி தாமதம் என்று அவரவரிடம் சொன்னேன். யாராவது சொல்லத்தானே வேண்டும்.

முப்பத்தெட்டாவது முயற்சியைச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றாள் மனைவி. செவ்வாயில் சுற்றுலாக்காரர்கள் குறைவு என்று டாக்சிக்காரரும் சரி என்றார். திங்கள் சாயங்காலம் அவள் வந்து, வில்பட்டியில் தம்பி வீட்டில் பூண்டு எடுத்திருக்கிறார்கள், காயப்போடக் கூடமாட ஆள் இல்லை, வெள்ளனே போய்விட்டு வருகிறேன் என்றாள். பத்து மணிக்கு அங்கிருந்தே வந்துவிடுவதாகவும் சொன்னாள். தம்பி வீட்டில் சிக்னல் நன்றாக இருக்கும் என்பது உண்மை.

செவ்வாய் காலை நான் எழுந்தபோது அவள் போய்விட்டிருந்தாள். மேசையில் பெரிய ஃப்ளாஸ்க்கில் காபி, சின்ன ஃப்ளாஸ்க்கில் வெந்நீர். அடுப்படியில் அரைத்த மாவு. குளிப்பதற்கு அண்டாவில் வெந்நீர் போட்டு மூடி, மேலே சாக்கை விரித்திருந்தாள். சட்டையைக்கூட இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். பூதத்தோடு சண்டை போடப் போகிறவனுக்கு இவ்வளவு கவனிப்பு என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை எழுதவே இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது.

வந்துவிடும் என்று உட்கார்ந்திருந்தேன். பத்து அடித்தது. வரவில்லை. அவள் எண்ணுக்குப் போட்டேன், மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. டாக்சிக்காரரும் எடுக்கவில்லை. இருவரும் குகைக்கு வெளியே இருக்கிற பாறைக்குப் பின்னால் ஒதுங்கி எனக்காகக் காத்திருக்கிறார்கள், அதனால்தான் போனை எடுக்க முடியவில்லை என்று நினைத்தேன். அந்தப் பாறைப் பக்கம் ஓநாய்கள் வரும். முன்னால் நிற்க ஆள் இல்லாமல் இருவரும் என்ன செய்வார்கள் என்று எனக்குப் பதறியது. செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்கு வந்தேன்.

பக்கத்து வீட்டம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கரண்ட் எப்போது வரும் என்று கேட்டேன்.

"இன்னைக்கு மாசாந்தர பராமரிப்புல்ல, அஞ்சு மணிக்குத்தான் வரும். ஒங்க வீட்டுல சொல்லலையா? மோட்டாரப் போட்டுத் தண்ணி ஏத்திக்கங்க, மாவ அரச்சு வச்சுக்கங்கன்னு நேத்து எனக்கே அவங்கதான் சொன்னாங்க."

மின்வாரியத்துக் குறுஞ்செய்தி அவள் போனுக்குத்தான் வரும். இணைப்பு அவள் பெயரில் இருக்கிறது.

உள்ளே வந்து உட்கார்ந்தேன். இரண்டு ஃப்ளாஸ்க். மாவு. அண்டா. அவள் மாவு அரைப்பது சனிக்கிழமையில். திங்களில் அரைத்து நான் பார்த்ததில்லை. சட்டை இஸ்திரி போடுவது நான். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எனக்குக் கரண்ட் இருக்காது என்று தெரிந்த ஒருத்தி, கரண்ட் இல்லாமல் நான் சிரமப்படக்கூடாது என்று எல்லாவற்றையும் செய்துவைத்துவிட்டு, கரண்ட் இருக்கிற ஊருக்குப் போயிருக்கிறாள். காபி சூடாகத்தான் இருந்தது. குடிக்கவில்லை.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. கம்ப்யூட்டரைத் திறந்தேன். பாறைக்குப் பின்னால் யாரும் இல்லை. தோழர்கள் எங்கே என்று காட்டும் இடத்தில் இரண்டு பேருக்கும் அடுத்த நாட்டின் பெயர் போட்டிருந்தது. பூதத்தை வீழ்த்தியவர்களின் வரிசையில் அவர்களோடு ஒரு கோடரிக்காரன் இருந்தான். டாக்சிக்காரரின் மச்சான், அடுக்கம் கிராமத்தில் காப்பித் தோட்டத்தில் வேலை என்று பிறகு தெரிந்தது.

ஆறு மணி பஸ்ஸில் அவள் வந்தாள். இரண்டு கையிலும் பூண்டுக் கட்டு. வீடு முழுக்க அந்த வாசனை.

"கரண்டு வந்துருச்சா?" என்று கேட்டாள்.

"எப்ப வரும்னு உனக்குத் தெரியாதா?"

அவள் பூண்டை மூலையில் வைத்துவிட்டுச் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள். நான் கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்னாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"எத்தனாவது தடவையில விழுந்துச்சு?"

"மொதத் தடவையிலயே."

"யார் எண்ணுனது?"

"யாரும் எண்ணல. அது சுத்தியல ஓங்குறதுக்கு முன்னாடி தோளு ஏறும். அதப் பாத்து நான் சொன்னேன், அவரு கோடரியத் தூக்குனாரு. அம்புட்டுதான்."

தோளை நான் பார்த்ததே இல்லை. முழங்காலுக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தோள் எப்படித் தெரியும்?

"அத எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல."

"எத்தன தடவ சொன்னேன். நீங்க எண்ணிக்கிட்டு இருந்தீங்க. ஒங்க எண்ணிக்க எனக்கு ரெண்டு தடவ விழுகுதுங்க, காதுல ஒருக்கா, செவுத்து வழியா ஒருக்கா. ஒரு தடவையாச்சும் அது இல்லாம ஒரு சோலி முடிஞ்சா எப்படி இருக்கும்னு இருந்துச்சு."

அவள் சொன்னதாக எனக்கு நினைவில்லை. முப்பத்தேழு தோல்வியிலும் யார் என்ன பேசினார்கள் என்பது நினைவிருக்கிறது, இது இல்லை. அப்படியே சொல்லியிருந்தாலும், நீங்கள் வரவேண்டாம் என்று நேரே சொல்வதற்கு ஒரு வார்த்தை போதுமே என்றேன்.

"சொன்னா விட்ருவீங்களா? ஒரு வாரம் சாப்புடாமக் கெடப்பீங்க," என்றாள். சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, "மாவு புளிச்சுரும். தோச ஊத்தவா?" என்றாள்.

மூன்று தின்றேன். வழக்கமாக நான்கு.

டாக்சிக்காரர் இரண்டு நாள் கழித்து வாசல் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. "அம்மா கேட்டாங்க, மறுக்க ஏலல ஐயா. ஒங்களோட நேர்ல கதைச்சிருக்கணும், தப்புதான்," என்றார். மஞ்சு என்றால் நிற்க வேண்டும் என்ற சட்டம் யாருடையது என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, அன்று நீங்கள் உள்ளே வரவே இல்லையே, உள்ளே வந்து நின்றுபோனவர்களுக்குத்தானே அந்தச் சட்டம் என்றார். யோசித்து வைத்துக்கொண்டு வந்த பதில் அது. அவள் சொல்லிக்கொடுத்ததாகக்கூட இருக்கலாம்.

தாண்டிப்போனவர்கள் திரும்பிவந்து மற்றவர்களுக்கு உதவலாம் என்று விளையாட்டில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. அந்த ஞாயிறு அவர்கள் வந்தார்கள். "வெரசா வாங்க, ஒங்களையும் தாண்ட வச்சுருவோம்," என்றாள். சாலையைத் தாண்டத் தெரியாத கிழவனிடம் பேசுவது போல இருந்தது. போகாமல் இருந்திருக்கலாம். போனேன்.

கேடயத்தோடு முழங்காலுக்கு முன்னால் நின்றேன். அதே இரண்டு காயம், அதே ஒன்று, அதே ஏழு கண்ணி. அவள் "தூக்குங்க" என்றபோது தூக்கினேன், "எறக்குங்க" என்றபோது இறக்கினேன். நான் வாயைத் திறக்கவில்லை. பூதம் விழுந்தது. முதல் முறையாக அதன் முகம் என் பக்கத்தில் தரையில் கிடந்தது. அண்ணன் சாயல் ஒன்றும் இல்லை.

கதவு திறந்தது. நான்தான் முன்னால் போவது வழக்கம். இருவரும் ஒதுங்கி நின்றார்கள். "நீ போ," என்றேன். அவள் போனாள், டாக்சிக்காரர் போனார், கடைசியாக நான் போனேன்.

இப்போது அடுத்த நாட்டில்தான் மூவரும் இருக்கிறோம். சண்டை என்று வந்தால் நான்தான் முன்னால் நிற்க வேண்டும். நிற்கிறேன். சுத்தியல், கேடயம், ஓநாய், எல்லாவற்றையும் எண்ணிய நான் ஒன்றை மட்டும் எண்ணியதே இல்லை: எனக்கு அடி விழுந்து எத்தனை நொடியில் பின்னாலிருந்து அந்தப் பச்சை வெளிச்சம் வருகிறது என்பதை. வரும் என்று தெரிந்ததை யார் எண்ணுவார்கள்?

"இப்பல்லாம் எண்ணுறத விட்டுட்டீங்க போலயே," என்றாள் நேற்று, காபியை நீட்டிக்கொண்டே. அவளுக்குச் சந்தோஷம். டாக்சிக்காரரிடமும் சொன்னாளாம்.

காபியை வாங்கிக்கொண்டேன். உதடு அசையாமல் எண்ணப் பழகிவிட்டேன். அடி விழுந்ததும் ஒன்று, இரண்டு. இரண்டில் வந்துவிடுகிறது. இதுவரை ஒருமுறைகூட மூன்றுக்குப் போகவில்லை. ஆனாலும் எண்ணுகிறேன்.