ஏகாதசி கணக்கில் வராது

என் வீட்டுக்காரர் பீமராவ் ஐந்து வகை மாத்திரை விழுங்கியும் பிரஷர் இறங்கவில்லை. போதாக்குறைக்கு இதயம் வேறு தாறுமாறாகத் துடித்தது. பொன்மலை ரயில்வே பணிமனையில் காலமெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிய மனுஷர், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார். அவரைத் தனியாக விட்டுக் காய்கறி வாங்கப் போகக்கூட எனக்குப் பயம். அலுத்துப் போயிருந்தேன்.

தென்னூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷஹனாஸ் ஒரு வழி சொன்னார். தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, இதயத்தில் துடிப்பைக் கெடுக்கும் இடத்துக்குச் சூடு வைப்பார்களாம். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாயைச் சுற்றியுள்ள நரம்புகளுக்கும் அதே வைத்தியம். அப்படிச் செய்தால் பிரஷரும் கொஞ்சம் இறங்குமாம்.

"மாத்திரை அடியோட நிக்காதுங்க. ஆனா மூச்சு வாங்காம மாடி ஏறலாம். இதைச் செய்யற நாள் வரைக்கும் ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது."

குறித்த நாளில், தொண்டை வழியாக ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் முகம் வாடி வந்தார். இதயத்துக்குள் ரத்தக் கட்டி இருந்தது.

"இப்ப குழாய் விட்டா அது மூளைக்குப் போயிடலாம். இன்னிக்கு முடியாதுங்க. மாத்திரையை விட்டீங்களா சார்?"

"ஒரு நாள்கூட விடலைங்க."

பொய் சொல்கிற ஆளில்லை அவர். எனக்குச் சுரீரென்றது. "ஏகாதசிக்கு?"

"அன்னிக்கு எப்படிப் போடறது? தண்ணியே குடிக்கறதில்லையே! அது கணக்குல வராது."

அடப்பாவி மனுஷா! மாதம் இரண்டு ஏகாதசி. நான் அன்றைக்கும் காபி குடிக்கிற கட்சி. மாத்திரைக்கு மட்டும் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். "ஆகட்டும்" என்று தலையாட்டியதை நம்பித் தொலைத்தேன்.

"நோன்பு வந்தா எங்க வீட்லயும் இதே பாடுதாங்க," என்றார் டாக்டர். ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்.

அடுத்த ஏகாதசி விடிந்தது. உள்ளங்கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் தம்ளரை நீட்டினேன்.

"வேணாம் யமுனா. வர்றது வரட்டும்."

"வந்தா யாருக்கு வரும்? வாய் கோணிப் படுத்துட்டா அள்ளிக் கொட்டறது யாரு? எனக்குத் தெம்பு இல்லைங்க. சத்தியமா இல்லை!"

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் தம்ளரை வாங்கி, மாத்திரையை வாயில் போட்டு, ஒரே ஒரு மடக்கு குடித்தார். இரவு மாத்திரைக்கு அவரே எழுந்து வந்தார். அடுத்த ஏகாதசிக்கும் அப்படியே.

மறுபடி எடுத்த ஸ்கேனில் கட்டி கரைந்திருந்தது. இரண்டு வைத்தியமும் ஒரே மூச்சில் முடிந்தன. துடிப்பு சீராக இருக்கிறதென்று டாக்டர் சொன்னார். குழாய் விட்ட காலை மடக்காமல் படுத்திருந்தவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா தவறினது ஏகாதசி அன்னிக்கு. ஓயாமரி சுடுகாட்டுல கொள்ளி வெச்சுட்டு வந்துகூட ஒரு சொட்டு குடிக்கலை. இப்ப எனக்காகக் குடிச்சுட்டேனே."

"உங்களுக்காக எங்க குடிச்சீங்க?" என்றேன். "எனக்காகக் குடிச்சீங்க."