தங்கேஸ்வரி படிக்காத படிப்பு

மலாயாவில், சிரம்பானில் தங்கேஸ்வரி டீச்சரிடம் படித்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். டீச்சருக்கு நம்மேல் அக்கறையே இல்லை. காய்ச்சலில் கிடந்துவிட்டு வந்தாலும் என்ன காய்ச்சல் என்று கேட்கமாட்டார். அழுதுகொண்டு நின்றால் மூக்கைத் துடைத்துவிடுவாரே ஒழிய, ஏன் அழுகிறாய் என்று வாய் திறக்கமாட்டார். கூட வேலை பார்த்த ஆசிரியைகள் அதைத் தலைக்கனம் என்றார்கள். யாழ்ப்பாணத்துக் கிராணி மகள் வேறு எப்படி இருப்பாள் என்று முடித்துவிட்டார்கள். ஊர் நாக்குக்கு என்ன, நரம்பா இருக்கிறது?

அவளைப் பதினெட்டு வயதில் பார்த்திருக்க வேண்டும். கேள்வி கேட்டே ஆளைக் களைக்க வைத்துவிடுவாள்.

அப்பா வல்லிபுரம், ரந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதும், சம்பளம் போடுவதும், துரை சொல்வதைக் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்கும் லயம் சொல்வதைத் துரைக்கும் கொண்டுபோவதும் அவர் வேலை. கிராணி வீட்டுக்கும் லயத்துக்கும் நடுவே ஓர் ஓடைதான். ஆனால் அந்த வீட்டுப் பெண்கள் யாரும் அதைத் தாண்டியதில்லை. தங்கேஸ்வரி தாண்டினாள். லயத்தில் ஒரு வீட்டில் தாலிக்கு மஞ்சள் கயிறு, அடுத்த வீட்டில் கறுப்புப் பாசி, அது ஏன்? கங்காணிக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டுகிற மனுஷன் சாமியாடும்போது மட்டும் கங்காணியையே அதட்டுகிறானே, எப்படி? கேட்டால் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே சொல்லவும் செய்வார்கள்.

சிரம்பான் கான்வென்டில் சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் செய்தாள். அடுத்தது என்ன என்ற பேச்சு வந்தபோது, டீச்சர் வேலைக்குப் போகட்டும் என்றார் தாய் சின்னாச்சி. பம்பாயில் ரயில்வே உத்தியோகத்திலிருந்த தாய்மாமன் சிவானந்தன் வேறு வழி காட்டினார். அங்கே பல்கலைக்கழகத்தில் சமூக சாஸ்திரம் என்று புதிதாக ஒரு படிப்பு இருக்கிறதாம். முதலில் பி.ஏ., பிறகு அது. மருமகள் எங்கள் வீட்டிலேயே தங்கலாம் என்றும் சொல்லியனுப்பினார். மனிதர்கள் ஏன் இப்படிக் கூடி வாழ்கிறார்கள் என்பதற்கு ஒரு படிப்பே இருக்கிறது என்று கேட்டதும் தங்கேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை. போனால் அதற்குத்தான் போவது, இல்லையென்றால் வேண்டாம் என்று நின்றாள்.

வல்லிபுரம் சிரித்தார்.

"சனத்தைப் பற்றிப் படிக்கிறதுக்கும் ஒரு யூனிவர்சிட்டியோ? நித்தம் பெரட்டிலை நான் பாக்கிற சனம்தானே!"

"நீங்கள் பேர்தான் கூப்பிடுறியள் ஐயா. அதுகள் எப்பிடிச் சீவிக்குதுகள் எண்டு தெரியுமோ?"

"சரி. அந்தப் படிப்பாலை என்ன பிரயோசனம் எண்டு எனக்கு விளங்கப்படுத்து. விளங்கினால் நானே உன்னைக் கப்பல் ஏத்தி விடுறன்."

கப்பல் என்ற சொல் அந்த வருஷங்களில் தோட்டத்தில் விளையாட்டாகச் சொல்லக்கூடிய சொல் இல்லை. ரப்பர் விலை படுத்துவிட்டது. வேலைக்கு ஆகாதவர்களைப் பொறுக்கியெடுத்து நாகப்பட்டினத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிறந்த ஊரில் யாரும் இல்லாதவர்களும் போனார்கள். தகப்பனும் மகளும் அதை நினைக்காமலே பேசினார்கள்.

மறுநாளிலிருந்து தங்கேஸ்வரி அப்பாவுக்கு விளங்குகிற மாதிரி ஓர் உதாரணம் தேடி அலைந்தாள். அது அவள் வீட்டுக் கொல்லையிலேயே மாவு அரைத்துக்கொண்டிருந்தது. ராக்கம்மா, பால்வெட்டுக்காரி. புருஷன் மலைக்காய்ச்சலில் போய்விட்டான். மாமனார் சன்னாசியோடு இருக்கிறாள். பிற்பகலில் கிராணி வீட்டுக்கு வந்து அரைத்துக் கொடுப்பாள்.

"ராக்கம்மா, உங்களுக்கு ஒரு கஷ்டம் வந்தால் ஆர் உதவி? கங்காணியோ?"

"கங்காணியா! நல்லாக் கேட்டீங்க சின்னம்மா." ராக்கம்மா குழவியை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "எங்க மாமனுக்கு ரெண்டு கண்ணும் போயி வருசமாச்சு. தெரிஞ்சா மறுநாளே கப்பல்தான். இருட்டோட பெரட்டுல வந்து நிப்பாரு. பேரு கூப்புட்டா கொரலு குடுப்பாரு. என் தோளப் புடிச்சிக்கிட்டே காட்டுக்கு வந்துருவாரு. அவரு நெரையில இருக்குற மரத்த நானும் அஞ்சலையும் காளியும் பங்கு போட்டு வெட்டிப்புடுவோம்."

"ஆர் சொல்லி இப்பிடிச் செய்யிறியள்?"

"யாரு சொல்லணும்? நாளைக்கு எனக்கு முடியலைன்னா அஞ்சலை வெட்டுவா. அவளுக்கு முடியலைன்னா நான். இத எழுதியா வைக்கணும்?"

"ஐயாவுக்குத் தெரிஞ்சால்?"

"தெரியாமலா இருக்கும்? தெனம் பேரு கூப்புடுறவரு. புண்ணியவான், தெரியாத மாதிரி இருக்காரு."

துரை போட்ட சட்டம் இல்லை, கங்காணி போட்ட சட்டம் இல்லை, மூன்று பெண்கள் தமக்குள்ளே ஒரு சட்டம் போட்டு ஒரு கிழவனைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். இதைவிட என்ன உதாரணம் வேண்டும்? அப்பாவுக்கும் தெரிந்த விஷயம்தானே என்று நினைத்தாள். அதுதான் அவள் செய்த பிழை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் டிரெசர் வந்திருந்தார். அவரும் யாழ்ப்பாணத்தவர்தான். யார் வேலைக்கு ஏற்ற உடம்பு, யார் இல்லை என்று துரைக்குச் சொல்வது அவர் பொறுப்பு. பம்பாய்ப் பேச்சு வந்தது. டிரெசர் கேலி செய்தார். தங்கேஸ்வரிக்கு ரோஷம் வந்துவிட்டது. சன்னாசி, கண், மூன்று பெண்கள், பங்கு போட்ட மரங்கள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். நன்றாகவும் சொன்னாள். "இதைத்தான் ஐயா நான் படிக்கப் போறன்" என்று முடித்தாள்.

வல்லிபுரத்தின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"கெட்டிக்காரப் பிள்ளை" என்றார் டிரெசர். பிறகு மெதுவாக, "அப்ப அந்தக் கிழவனுக்குக் கண் தெரியாதோ, அண்ணை?" என்று கேட்டார்.

அவர் போன பிறகு வல்லிபுரம் மகளைக் கூப்பிட்டார்.

"எனக்குத் தெரியும் பிள்ளை. எப்பவோ தெரியும். ஆனால் ஒருத்தரும் என்ரை காதிலை சொல்லேல்லை. துரை கிழமைக்குக் கிழமை கேக்கிறவர், ஏலாத ஆள் இருக்கெண்டு ஆரும் சொன்னவையோ எண்டு. ஒருத்தரும் சொல்லேல்லை எண்டு சொல்லுவன். அது பொய்யில்லை. இப்ப நீ சொல்லிப்போட்டாய். அவனுக்கு முன்னாலை சொல்லிப்போட்டாய்."

"பேசாமல் விடுங்கோ ஐயா."

"நான் விட்டால் அவன் விடுவானோ? இப்ப கிராணிமாரையும் வேலையிலையிருந்து நிப்பாட்டுறாங்கள், தெரியுமோ?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் கத்தியது, கெட்டது வேறு ஆட்கள்.

மறுநாள் பெரட்டுக்குத் துரையே வந்தார். தங்கேஸ்வரி வீட்டு வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். களத்தில் லாந்தர் வெளிச்சம். அப்பா பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். "சன்னாசி" என்றபோது மட்டும் அவர் குரல் இறங்கிற்று. கிழவன் பதில் குரல் கொடுத்தான். துரை முன்னால் போய்ப் பேசாமல் பால் வெட்டும் உளி ஒன்றை நீட்டினார். வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கங்காணி அதட்டினான். சன்னாசி கையை நீட்டினான். உளி ஒரு பக்கம் இருந்தது, கை வேறு பக்கம் போயிற்று. வெறுங்காற்றைத் துழாவிக்கொண்டு அந்தக் கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.



சன்னாசியைக் கப்பலுக்கு அனுப்பிவிட்டார்கள். சிறுவனாக இங்கே வந்தவன், பிறந்த ஊரில் அவனுக்கு ஒரு பூச்சி புழு கிடையாது. நானும் கூடப் போகிறேன் என்று ராக்கம்மா துரை காலில் விழுந்தாள். நல்ல பால்வெட்டுக்காரியை விடுவதற்கில்லை, இலவசக் கப்பல் ஏலாதவர்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். கிழவன் லாரியில் ஏறும்போது அவள் தோளைத் தேடினான், எட்டவில்லை என்று சின்னாச்சி யாரிடமோ கேட்டு வந்து சொன்னார். தங்கேஸ்வரி அன்று முழுவதும் அடுப்படியில் தரையில் கிடந்து அழுதாள். செத்துப்போனால் தேவலை என்று தோன்றியது.

அந்த வாரக் கடைசியில் வல்லிபுரம் மகளைக் கூப்பிட்டார்.

"துரை உன்னைப் பற்றிக் கேட்டவர். லயத்துக்குள்ளை போய் இப்பிடி விஷயம் எடுக்கிற பிள்ளையைப் படிக்க வையுங்கோ எண்டு சொன்னவர். நற்சான்று தாறாராம். நீ சொன்னது சரிதான் பிள்ளை. பிரயோசனமான படிப்புத்தான். போ" என்றார்.

குத்திக்காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மனுஷன் உண்மையாகவே சொன்னார். ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. ஆனால் அது சன்னாசியைக் கப்பல் ஏற்றியதற்குக் கிடைத்த கூலி.

ஓடையைத் தாண்டி லயத்துக்குப் போனாள். குழாயடியில் ஒரே கூச்சல். ராக்கம்மா மண்ணை வாரி அஞ்சலை வீட்டு வாசலில் தூற்றிக்கொண்டிருந்தாள்.

"கூடவே இருந்து குழி பறிச்சியேடி! ஒன் கையில உளி புடிக்க முடியாமப் போவ!"

"நான் சொல்லலடி! மாரியாத்தா மேல சத்தியமா நான் சொல்லல. காளியப் போய்க் கேளு!" என்று அஞ்சலை மாரில் அடித்துக்கொண்டாள். காளி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூவரில் ஒருத்திதான் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒவ்வொருத்தியும் மற்ற இருவரையும் சந்தேகப்பட்டாள். கிராணி வீட்டுப் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தங்கேஸ்வரி ராக்கம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அஞ்சலை இல்லை ராக்கம்மா. நான்தான். நான்தான் ஐயாவிட்டைச் சொன்னனான்."

ராக்கம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க எதுக்குச் சின்னம்மா சொல்லப்போறீங்க? அந்தக் கெழவனால ஒங்களுக்கு என்ன?"

"சத்தியமாய் நான்தான். என்ரை படிப்புக்காகச் சொன்னனான்."

"சொன்னாத்தான் என்ன? ஐயாவுக்குத் தெரியாததா? இத்தன நாளு மூடி வச்ச மனுசன் நீங்க சொல்லியா தொறந்துருவாரு?" ராக்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்தச் சிறுக்கியக் காப்பாத்தப் பாக்குறீங்க. ஒங்களுக்கு நல்ல மனசு. வேணாம்மா, வூட்டுக்குப் போங்க. இந்த நாத்தத்துல நீங்க நிக்கக் கூடாது."

திட்டியிருக்கலாம். அந்த மண்ணை அள்ளி இவள் முகத்தில் வீசியிருக்கலாம். நல்ல மனசு என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அதற்குமேல் என்ன சொல்லி நம்பவைப்பது?

வீட்டுக்கு வந்து, பம்பாய் வேண்டாம், டீச்சர் வேலைக்கே போகிறேன் என்றாள். வல்லிபுரம் ஏன் என்று கேட்கவில்லை. சின்னாச்சி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். தாய்மாமன் மட்டும் நெடுநாள் கோபித்துக்கொண்டிருந்தார், பெண்பிள்ளை பயந்துவிட்டாள் என்று.

சிரம்பானில் வேலை கிடைத்து அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்த நாளில், மாவு அரைக்க வேறொருத்தி வந்திருந்தாள். புதியவளை உள்ளே விட்டுவிட்டு வந்த சின்னாச்சி சேலையை மடித்துக்கொண்டே சொன்னார்.

"ராக்கம்மாவுக்கு மலைக்காய்ச்சலாம் பிள்ளை. கிடையாய்க் கிடக்கிறாளாம். அவளின்ரை நிரை வெட்டாமலே நிக்குதாம்."

யார் அவளுக்குக் கஞ்சி கொடுக்கிறார்கள் என்று கேட்கத் தங்கேஸ்வரி வாயெடுத்தாள். அஞ்சலை போகவில்லையா, காளி போகவில்லையா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால், யாரும் போகவில்லை என்று அம்மா சொல்லிவிடுவார்.

அவள் கேட்கவில்லை. பெட்டியை மூடிப் பூட்டினாள்.