கணக்குக்குத் திரும்பிய புத்தகம்

பெங்களூரு ஈஜிபுராவில் எங்கள் தெருமுனைப் பள்ளியில் தமிழ்ப் பிரிவு இன்னும் இருக்கிறது. இரண்டு அறைகள், முப்பத்தொரு பிள்ளைகள். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் அந்த இரண்டு அறைகளைத் தாண்டினால் தமிழ் எழுத்து அவர்கள் கண்ணில் படுவது அபூர்வம். அதனால் அங்கிருந்த இரும்பு பீரோவும் அதிலிருந்த இருநூற்றுப் பன்னிரண்டு கதைப் புத்தகங்களும் எனக்குப் பெரிய சொத்தாகத் தெரிந்தன. வேலையில்லாத கிழவன்தானே என்று தலைமையாசிரியை சாவியை என்னிடம் கொடுத்தார்.

முப்பத்து நான்கு வருடம் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். மார்ச்சில் சரக்கு எண்ணுவோம். வெளியே போன ஸ்பானர் ஒவ்வொன்றும் உள்ளே வந்தாக வேண்டும். எண்ணிக்கை முடியும்வரை யாருக்கும் எதுவும் கிடையாது. பீரோவையும் அப்படியே நடத்தினேன்.

நான்காம் வகுப்பில் ஒரு சிறுமி. அம்மா நான்கு வீடுகளில் வேலை செய்தாள். ஜூனில் அந்தப் பெண்ணுக்கு 'படகு' என்ற மூன்று எழுத்தைக் கூட்டிப் படிக்க ஐந்து நிமிடம் ஆனது. நவம்பரில் ஒரு புத்தகத்தை எடுத்தாள். கடலுக்கு நடுவே ஒரு தீவு, அங்கே உள்ள பள்ளிக்குப் படகில் புத்தகம் வருகிறது, அதுதான் கதை. இருபத்து நான்கு பக்கம். விரல் வைத்து, உதடு அசைத்து, மார்ச்சுக்குள் பதினோராம் பக்கம் வந்துவிட்டாள். முப்பத்தொரு பேரில் தானாகப் புத்தகத்தைத் தேடி வந்தவள் அவள் ஒருத்திதான்.

மார்ச் கடைசியில் எல்லாப் புத்தகத்தையும் திரும்பக் கேட்டேன். இருநூற்றுப் பதினொன்று வந்துவிட்டது.

"லீவுல முடிச்சிட்டு தரேன் தாத்தா. படகு இன்னும் வரல, நடுக்கடல்லயே நிக்குது."

"ஜூன்ல முதல் ஆளா உனக்கே தரேன். இப்ப குடு."

அழைத்துப் போக வந்த அவள் அம்மா சிரித்தாள். "ஒரு புக்கு சார். நாங்க என்ன துன்னுடுவோமா?"

தலைமையாசிரியையும் சொல்லிப் பார்த்தார். "விடுங்க சார், அது ஸ்பானர் இல்ல."

நான் விடவில்லை. அவள் பதினோராம் பக்கத்தில் ஒரு சாக்லேட் காகிதத்தை மடித்து வைத்துக் கொடுத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு. அன்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஜூனில் அவள் வரவில்லை. வீட்டு லீஸ் முடிந்து எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். ஒரு அபார்ட்மென்டில் அம்மாவுக்கு ஹவுஸ்கீப்பிங் வேலை. புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். முதல் முறை கிடைக்கவில்லை. இரண்டாம் முறை, மூன்று காவலாளிகளைக் கேட்ட பிறகு, தகரக் கூரை போட்ட வரிசை வீடுகளில் ஏழாவதில் அவளைக் கண்டேன். அங்கே பக்கத்திலிருந்த கன்னடப் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். தமிழ் அங்கே கிடையாது. கன்னட எழுத்தே தெரியவில்லையென்று ஒரு வகுப்பு கீழே இறக்கிவிட்டார்களாம்.

புத்தகத்தை நீட்டினேன். சாக்லேட் காகிதம் இருந்த பக்கத்தைச் சரியாகத் திறந்தாள். முதல் வரியில் விரல் வைத்தாள். இரண்டு சொல் வந்தது. மூன்றாவதில் விரல் நின்றது. நான் சொல்லிக் கொடுக்க வாயெடுப்பதற்குள் மூடிவிட்டாள்.

"உனக்குத்தாம்மா. நீயே வெச்சுக்கோ. திருப்பித் தரவே வேணாம்."

"வேணாம் தாத்தா. மறுபடி கேப்பீங்க."

"கேக்க மாட்டேன்."

"மார்ச்சுல கேப்பீங்க," என்றாள். கோபமில்லை. எனக்குத் தெரிந்த விதி அவளுக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். புத்தகத்தை என் பைக்குள் அவளே வைத்தாள்.

"ஒத்துக்க மாட்டா சார், பிடிவாதக்காரி," என்றாள் அம்மா. "டீ குடிங்க."

குடிக்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் பள்ளிக்குப் போனேன். பழக்கம் விடவில்லை, பையிலிருந்த புத்தகத்தையும் பீரோவில் வைத்து, கொடுப்பதற்கு முன் எண்ணினேன். ஒன்றுகூடக் குறையவில்லை. பெரும்பாலானவற்றின் பக்கங்கள் புதிது போல ஒட்டிக்கொண்டிருந்தன.